மூன்று இதழ்களும் ஒரு கம்பிக்கூடும்

பிரான்சின் வடபகுதியில் செய்ன் நதிக்கரையில் அமைந்த ருவான் நகரை நம்மில் பலரும் ஃப்ளாபேரின் ஊராகவே அறிவோம். 1821இல் அவர் பிறந்தது அந்நகரத்தின் பழைய மருத்துவமனை வளாகத்தில்தான். தந்தை அங்கே தலைமை அறுவை மருத்துவர். நோயாளிகளுக்கும் பிணங்களுக்கும் அருகிலேயே வளர்ந்த பிள்ளை எழுதிய நாவலில் அறுவைச் சிகிச்சை ஒன்று இடம்பெறாமல் போயிருந்தால்தான் வியப்பு. 'மதாம் பொவாரி'யில், விடுதியில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் இப்போலித் என்னும் ஏழை இளைஞனின் கோணற்காலை நேராக்கத் துணிகிறான் சார்ல் பொவாரி. இப்போலித் கேட்டதன்று அது. அந்தக் காலோடு அவன் நன்றாகவே நடமாடிக்கொண்டிருந்தான். ஊர் மருந்துக்கடைக்காரருக்குப் புதுமையின்மேல் மோகம். எம்மாவுக்குக் கணவன் புகழ்பெற வேண்டும் என்ற ஆசை. கால் அழுகுகிறது. பக்கத்து ஊர் மருத்துவர் வந்து தொடையோடு வெட்டியெடுக்கிறார்.

புதிய சிகிச்சையை முதலில் யாருடைய உடம்பில் செய்து பார்ப்பது என்ற கேள்வியை இத்தனை குரூரமான எள்ளலோடு கேட்ட நாவல் வேறொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அது நூலாக வெளிவந்து 145 ஆண்டுகள் கழித்து, அதே ருவானில், ஷார்ல் நிக்கோல் மருத்துவமனையில் அந்தக் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 2002 ஏப்ரல் 16 அன்று அலென் கிரிபியே என்ற இதயநோய் மருத்துவர், மார்பைத் திறக்காமல், தொடையில் இட்ட துளை வழியாக ஒரு மனிதரின் இதயத்துக்குள் புதிய வால்வு ஒன்றைக் கொண்டுசேர்த்தார். 'டாவி' என்று இன்று உலகெங்கும் அழைக்கப்படும் சிகிச்சையின் தொடக்கம் அது. அந்த நாளுக்கு வந்துசேர்ந்த வழியும், அங்கிருந்து பிரிந்த வழியுமே இக்கட்டுரையின் பொருள்.

இதயத்தின் இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்குள் இரத்தம் பாயும் வாயிலில் ஒரு வால்வு இருக்கிறது. பிறை வடிவில் மூன்று மெல்லிய தோல்மடிப்புகள். நம் பள்ளிப் பாடநூல்கள் இவ்வகை வால்வை 'அரைச்சந்திர வால்வு' என்று அழகாகவே மொழிபெயர்த்துள்ளன. அந்த மடிப்புகளுக்கு 'இதழ்' என்று பெயர். பூவுக்கும் உதட்டுக்கும் பத்திரிகைக்கும் பொதுவான இச்சொல் இங்கும் வந்து பொருந்திவிடுவது தமிழின் சிக்கனம் போலும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இந்த இதழ்கள் திறந்து மூடுகின்றன. ஏறத்தாழ 1513இல் லியோனார்தோ டாவின்சி எருதின் இதயத்தை அறுத்துப் பார்த்து இந்த வாயிலை வரைந்தார். கண்ணாடியில் அதன் அச்சைச் செய்து, நீரில் புல்விதைகளைக் கலந்து ஓடவிட்டால் ஓட்டத்தைக் காணலாம் என்றும் குறித்துவைத்தார். இதழ்களுக்குப் பின்னே இரத்தம் சுழித்துத் திரும்புவதே அவற்றை மென்மையாக மூடச் செய்கிறது என்பது அவருடைய ஊகம். 20ஆம் நூற்றாண்டின் பொறியியல் ஆய்வுகள் அதை ஏற்றுக்கொண்டன.

முதுமையில் சிலருக்கு இந்த இதழ்களில் சுண்ணாம்பு படிகிறது. துணிபோல் மடங்க வேண்டியவை கல்போல் இறுகுகின்றன. மூன்று அல்லது நான்கு சதுர செண்டிமீட்டர் அகலத்துக்குத் திறக்க வேண்டிய வாயில் ஒரு சதுர செண்டிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்குகிறது. இதயம் பல ஆண்டுகள் முரட்டுத்தனமாக உழைத்து இதை ஈடுகட்டுகிறது. அதுவரை நோயாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை. பிறகு ஒருநாள் மாடிப்படியில் மார்வலி, அல்லது திடீர் மயக்கம், அல்லது மூச்சுத்திணறல். 1968இல் ராஸ், பிரவுன்வால்ட் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் வரைந்த ஒரு கோட்டுப்படம் மருத்துவ மாணவர்கள் அனைவருக்கும் மனப்பாடம்: மார்வலி தொடங்கினால் ஏறத்தாழ ஐந்து ஆண்டு, மயக்கம் தொடங்கினால் மூன்று, இதயம் தளர்ந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் இரண்டு. கரைக்க மாத்திரை கிடையாது. வாயிலை மாற்றுவது ஒன்றே வழி.

மாற்றும் கலை 1960இல் கைவந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர், முழுச் செயற்கை இதயம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரிடம் வந்தார். முதலில் ஒரு வால்வு செய்வோம் என்றார் ஸ்டார். கூண்டுக்குள் உருளும் பந்து, அதுதான் அவர்கள் செய்த வால்வு. முதலில் அதைப் பெற்ற பெண் சில மணிநேரத்தில் இறந்தார். அடுத்துப் பெற்றவர் பத்தாண்டுகள் வாழ்ந்து, வீட்டுக்கு வண்ணம் பூசும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தை மருத்துவ வரலாற்று நூல்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. அதே ஆண்டில் பாஸ்டனின் ட்வைட் ஹார்க்கென் பெருந்தமனி வாயிலிலேயே பந்துவால்வைப் பொருத்தினார். 1960களின் பிற்பகுதியில் பாரிஸின் அலென் கார்பான்த்தியே, பன்றியின் வால்வை குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்தி மனிதருக்குப் பொருத்தும் முறையைக் கண்டார். உலோகப் பந்து வைத்தவர்கள் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். விலங்கின் திசு வைத்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் திசு சில ஆண்டுகளில் நைந்துபோகும்.

இரண்டிலும் மார்பெலும்பைப் பிளக்க வேண்டும்; இதயத்தை நிறுத்தி, இரத்தத்தை வெளியே ஓர் இயந்திரத்தில் சுழலவிட வேண்டும். நன்கு தேறிய நோயாளிக்கு இது அற்புதமான சிகிச்சை. ஆனால் நோய் வருவதோ முதியவர்களுக்கு. எண்பது வயது, சிறுநீரகக் கோளாறு, நைந்த நுரையீரல், முன்பே ஒருமுறை திறந்து தைத்த மார்பு. இத்தகையவரை அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு மெல்லத் தலையசைத்து மறுப்பார். ஐரோப்பாவில் எடுக்கப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அறிகுறிகள் தோன்றிய, கடுமையான வால்வுச் சுருக்கம் கொண்ட முதியவர்களில் மூன்றில் ஒருவருக்கு அறுவை செய்யப்படவில்லை. 'அறுவைக்குத் தகுதியற்றவர்' என்பது அவர்கள் குறிப்பேட்டில் எழுதப்படும் சொல். உடற்கூற்றில் இப்படியொரு வகை கிடையாது. ஒரு குறிப்பிட்ட காலத்தின் கத்திக்கு எட்டாதவர் என்பதுதான் அதன் பொருள். இந்த வரலாறு முழுவதுமே அந்தச் சொல்லைச் சுற்றித்தான் நடக்கிறது.

கத்தியில்லாமல் இதயத்துக்குள் நுழையலாம் என்று காட்டியவர் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற சிறு நகரின் மருத்துவமனையில் பயிற்சியிலிருந்த வெர்னர் ஃபோர்ஸ்மன். ஆண்டு 1929. மேலதிகாரி அனுமதி மறுத்தார். கருவிகளின் சாவி வைத்திருந்த செவிலியிடம், உன்மீதே செய்கிறேன் என்று சொல்லி நம்பவைத்து, அவரை மேசையில் கட்டிவைத்துவிட்டு, தன் முழங்கை மடிப்பு நரம்பிலேயே ரப்பர் குழாயை நுழைத்தார். 65 செண்டிமீட்டர் உள்ளே போன குழாயோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று படம் எடுத்துக்கொண்டார். பாராட்டுக்குப் பதில் ஏளனமே கிடைத்தது. அவர் பிற்பாடு சிறுநீரகத் துறைக்குப் போய்விட்டார். (நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார், இதைச் சொல்லாமல் அவரை வீரராக மட்டும் வரைவது நேர்மையாகாது.) 1956இல் அமெரிக்காவின் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் இருவரோடும் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முதல் பரிசோதனையைத் தன் உடம்பில் செய்துகொண்டவர் என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். வால்வுப் பரிசோதனையில் அந்த வழி எவருக்கும் திறந்திருக்கவில்லை.

1977இல் சூரிச்சில் ஆந்த்ரேயாஸ் குருன்ட்ஸிக், குழாயின் நுனியில் சிறு பலூனை வைத்து இதயத் தமனி அடைப்பை விரித்துக் காட்டினார். பலூன்களை அவர் தம் வீட்டுச் சமையலறை மேசையில் செய்து பார்த்தவர். தமனியை விரிக்கும் பலூன் வால்வையும் விரிக்காதா? 1985 செப்டம்பரில் ருவானில் கிரிபியே அதைச் செய்தார். அறுவைக்கு மறுக்கப்பட்ட, எழுபதைத் தாண்டிய பெண்மணி ஒருவரின் இறுகிய வால்வைப் பலூன் கொண்டு விரித்தார். மறு ஆண்டு 'லான்செட்' இதழில் மூன்று முதியவர்களின் கதையாக அது வெளிவந்ததும் உலகெங்கிருந்தும் மருத்துவர்கள் ருவானுக்கு வந்து பார்த்துச் சென்றார்கள். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோருக்கு அது செய்யப்பட்டது. நோயாளிகள் எழுந்து நடந்தார்கள், மூச்சு சீரானது. ஆனால் மாதங்கள் போகப்போக வாயில் மறுபடி சுருங்கியது. பலூன் விரித்தது இதழ்களின் இறுக்கத்தைத்தான். சுண்ணாம்பு அங்கேயே இருந்தது. ஆயுள் நீளவில்லை என்று கணக்கெடுப்புகள் காட்டின. 1990களின் தொடக்கத்தில் பலூன் முறையை ஏறத்தாழக் கைவிட்டுவிட்டார்கள்.

இதே காலத்தில் டென்மார்க்கில் ஒருவர் வேறொரு முனையிலிருந்து தொடங்கியிருந்தார். ஓர்ஹூஸ் நகரின் ஹென்னிங் ருத் ஆண்டர்சன் 1989 பிப்ரவரியில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு மருத்துவக் கூட்டத்துக்குப் போனார். அங்கே ஹூலியோ பால்மாஸ், தமனிக்குள் விரியும் கம்பிவலைக் குழாயான ஸ்டென்டைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த ஆண்டர்சனுக்கு ஒரு படம் தோன்றியது: அந்தக் கம்பிக்கூட்டைப் பெரிதாக்கி, அதற்குள் ஒரு வால்வைத் தைத்து, பலூன்மேல் சுருக்கி வைத்து உள்ளே அனுப்பினால்? ஊர் திரும்பினார். கடையில் வாங்கிய உலோகக் கம்பியைக் கையால் வளைத்துக் கூடு செய்தார். இறைச்சிக் கூடத்திலிருந்து பன்றி இதயங்களை வாங்கி அவற்றின் வால்வுகளை அறுத்தெடுத்து உள்ளே தைத்தார். 1989 மே 1 அன்று மயக்கப்பட்ட பன்றி ஒன்றின் உடலில் அந்த வால்வு விரிந்து வேலை செய்தது. உழைப்பாளர் நாள் அன்று டென்மார்க் ஓய்ந்திருக்க, ஓர்ஹூஸ் ஆய்வுக்கூடத்தில் ஒரு பன்றியின் இதயம் மட்டும் புதிய இதழ்களோடு துடித்துக்கொண்டிருந்தது.

இதைக் கட்டுரையாக எழுதியபோது ஆய்விதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 1992இல்தான் ஐரோப்பிய இதழ் ஒன்று வெளியிட்டது. கருவிக் கம்பெனிகள் ஆர்வம் காட்டவில்லை. அமெரிக்கக் காப்புரிமை 1995இல் கிடைத்தது. அது கைமாறிக் கைமாறிப் பெட்டிக்குள் உறங்கியது.

மறுத்தவர்களை முட்டாள்கள் என்று இன்று சொல்லிவிடுவது எளிது. அவர்களுடைய மறுப்பில் நியாயம் இருந்தது. பழைய வால்வை வெட்டியெடுக்காமல் அதன்மேல் புதியதை எப்படி வைப்பது? சுண்ணாம்பு உதிர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வாயிலுக்குச் சற்று மேலேதான் இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் இரு தமனிகளின் வாய்கள். கம்பிக்கூடு அவற்றை மூடினால் அந்த நொடியே மரணம். கீழே ஈரிதழ் வால்வு இடிக்கும். பக்கத்தில் துடிப்பைக் கடத்தும் நரம்புப் பாதை; அது நசுங்கினால் பேஸ்மேக்கர் வைக்க வேண்டும். ஓரங்களில் இரத்தம் கசியும். இந்த அச்சங்களில் ஏறத்தாழ ஒவ்வொன்றும் பின்னாளில் ஏதோ ஒரு நோயாளியிடம் மெய்யானது. ஆனாலும், அறுவை மருத்துவர்கள் அந்தப் புதிய முறையைத் தங்கள் நல்ல நோயாளியோடுதான் ஒப்பிட்டார்கள்; தாங்களே வீட்டுக்கு அனுப்பிவைத்த நோயாளியோடு ஒப்பிடவில்லை.

கிரிபியேவின் கண்ணில் பட்டது அந்த இரண்டாமவர்தான். தம் பலூனால் ஆறு மாதம் ஓராண்டு நன்றாயிருந்துவிட்டு மறுபடி மூச்சுத் திணறலோடு திரும்பி வருபவர்களை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். 1990களின் நடுவில் அவரும் எலென் எல்ச்சானினோஃபும் ஓர் எளிய ஆய்வைச் செய்தார்கள். வால்வுச் சுருக்கத்தோடு இறந்த 12 பேரின் உடல்களில், இறுகிய வாயிலுக்குள் பால்மாஸ் ஸ்டென்டை விரித்துப் பார்த்தார்கள். சுண்ணாம்பேறிய இதழ்கள் சுவரோடு ஒதுங்கின. கம்பிக்கூடு வட்டமாக விரிந்து நின்றது. இழுத்துப் பார்த்தும் எளிதில் வரவில்லை. கூட்டின் உயரத்தைச் சரியாக வைத்தால் மேலே தமனிகளின் வாயையும் கீழே ஈரிதழ் வால்வையும் தொடாமல் நிறுத்தலாம் என்றும் தெரிந்தது.

ஆண்டர்சனின் பன்றிகளிடம் இல்லாத ஒன்று இந்த உடல்களில் இருந்தது: சுண்ணாம்பு. எந்தப் பொருள் வாயிலை அடைத்து மனிதரைக் கொல்கிறதோ, அதுவே புதிய வால்வைப் பிடித்துக்கொள்ளும் ஆணியாக மாறிவிடுகிறது. பழையதை வெட்டியெடுக்க வேண்டும் என்ற நீண்டகால நம்பிக்கை அங்கே உடைந்தது. இந்த வரலாற்றில் மற்றெல்லாவற்றையும்விட இந்த ஓர் உண்மையை நான் வியக்கிறேன். நோயை நீக்காமல் அதன் முதுகிலேயே ஏறி நிற்கும் மருத்துவம் இது.

அதற்குப் பின்னும் கம்பெனிகள் கதவைச் சாத்தின. 1999இல் கிரிபியேவும் மார்ட்டின் லியோன் என்ற அமெரிக்க மருத்துவரும் தொழில்துறையைச் சேர்ந்த இருவரும் சேர்ந்து தாங்களே ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். வால்வை வடிவமைத்தவர்கள் இஸ்ரேலியப் பொறியாளர்கள். சோதிக்கப்பட்டவை பாரிஸில் ஆடுகள். 2000இல் பாரிஸின் நெக்கேர் குழந்தைகள் மருத்துவமனையில் ஃபிலிப் போன்ஹோஃபர், 12 வயதுச் சிறுவன் ஒருவனின் நுரையீரல் தமனி வாயிலில், மாட்டின் கழுத்து நரம்பிலிருந்து எடுத்த வால்வைக் கதீட்டர் வழியே பொருத்தினார். மனித இதயத்துக்குள் அப்படி ஒரு வால்வு போய்ச் சேர முடியும் என்பதற்கு அது முதற் சாட்சி. ஆனால் நுரையீரல் பக்கத்து வாயிலில் அழுத்தம் குறைவு. பெருந்தமனி வாயில் வேறு உலகம்.

2002 ஏப்ரலில் கிரிபியேவிடம் கொண்டுவரப்பட்டவருக்கு வயது 57. இதயம் ஏறக்குறைய நின்றுகொண்டிருந்தது. இரத்த அழுத்தம் வீழ்ந்த நிலை. நுரையீரல் பழுது. இரு கால்களின் தமனிகளிலும் அடைப்பு. அறுவை மருத்துவர்கள் மறுத்துவிட்டார்கள். பலூனால் விரித்துப் பார்த்தார்கள், பலன் நிலைக்கவில்லை. தொடைத் தமனி வழியே நேராக மேலேறுவதுதான் எளிய பாதை. அவருக்கோ அந்தப் பாதையே அடைபட்டிருந்தது. எனவே தொடைச் சிரை வழியே வலது மேலறைக்குப் போய், நடுச்சுவரைத் துளைத்து இடது மேலறைக்குள் இறங்கி, ஈரிதழ் வால்வைக் கடந்து கீழறைக்கு வந்து, அங்கே வளைந்து மேலெழுந்து பெருந்தமனி வாயிலை அடைய வேண்டியிருந்தது. எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள உறைக்குழாய் வழியே, பலூன்மேல் சுருக்கப்பட்ட 23 மில்லிமீட்டர் வால்வு. முதல் மனிதருக்கே மிகக் கடினமான பாதை வாய்த்தது தற்செயலன்று. எளிய பாதை உள்ளவர்களை எவரும் முதல் மனிதராக அனுமதித்திருக்க மாட்டார்கள்.

வால்வு விரிந்தது; நின்றது; உடனே வேலை செய்யத் தொடங்கியது. சாம்பல் நிறத்தில் கிடந்தவருக்கு உடலில் நிறம் திரும்பியது. அடுத்த நாட்களில் அவர் எழுந்து அமர்ந்தார். ஆனால் கால்களின் நோய் தன் வழியே போயிற்று. ஒரு காலை எடுக்க நேர்ந்தது, புண் ஆறவில்லை, தொற்று ஏற்பட்டது. 17 வாரங்களுக்குப் பிறகு அவர் இறந்தார். வால்வு அதுவரை ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தது என்பதை அவ்வாண்டு டிசம்பரில் வெளியான கட்டுரை பதிவுசெய்கிறது.

ருவானில் ஒரு நாவலில் வெட்டப்பட்ட காலையும் ருவானில் உண்மையாகவே வெட்டப்பட்ட இந்தக் காலையும் சேர்த்துப் படிப்பது பொருந்தாது என்று எனக்கே தெரியும். இப்போலித்தின் கால் சிகிச்சையால் போனது. இவருடையது பழைய நோயால். இப்போலித்துக்குச் சிகிச்சை தேவைப்படவேயில்லை. இவருக்கு அதைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஆயினும் இருவரும் ஒரு கேள்வியின் இரு முனைகளில் நிற்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் மறுப்புச் சொல்லத் தெரியாத ஏழையின் உடம்பில் புதுமை தொடங்கியது. நம் காலத்தின் மருத்துவ அறம் இதைத் திருத்தியது: இனி இழக்க ஒன்றுமில்லாதவரிடம் மட்டுமே தொடங்கலாம் என்றது. நல்ல திருத்தந்தான். ஆனால் அதற்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. சாகும் தறுவாயில் உள்ளவர்களிடம் மட்டுமே செய்தால் அவர்கள் செத்துத்தான் போவார்கள். வால்வால் அல்ல, வேறு எதனாலாவது. அந்த மரணங்களைக் காட்டி, பாருங்கள், இந்த முறை பயனற்றது என்று சொல்லிவிடலாம். அடுத்த சில ஆண்டுகள் கிரிபியே இந்த முடிச்சுக்குள்ளேதான் இருந்தார். கருணை அடிப்படையில் அனுமதிக்கப்பட்டவர்கள் அனைவரும் வாரக்கணக்கில் நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள்.

முடிச்சை அவிழ்த்தது பெரும்பாலும் பாதை மாற்றம். 2005இல் கனடாவின் வான்கூவரில் ஜான் வெப், வளைத்துத் திருப்பக்கூடிய கதீட்டரைக் கொண்டு தொடைத் தமனி வழியே நேராக மேலேறும் முறையைச் சீராக்கினார். மார்பின் பக்கவாட்டில் சிறு கீறல் இட்டு இதய முனை வழியே நுழையும் முறையும் அதே காலத்தில் தோன்றியது. தானே விரியும் நிட்டினால் கம்பிக்கூட்டில் அமைந்த கோர்வால்வ் என்ற மற்றொரு வடிவமும் களத்துக்கு வந்தது. பலூன் விரியும் சில நொடிகளுக்கு இதயத்தை மின்தூண்டலால் நிமிடத்துக்கு 200 முறை அளவில் ஓட வைப்பார்கள். அவ்வளவு வேகத்தில் துடிக்கும் இதயம் எதையும் வெளியேற்ற முடியாமல் ஏறத்தாழ அசைவற்று நிற்கும்; வால்வு இடம்விட்டு நழுவாது. நிறுத்தாமலே நிறுத்தும் தந்திரம்.

அப்புறம் பணம் வந்தது. கிரிபியேவின் சிறு நிறுவனத்தை 2004இல் 12.5 கோடி டாலருக்கு வாங்கியது, பந்துவால்வு செய்த அதே லோவெல் எட்வர்ட்ஸின் பெயர்தாங்கிய கம்பெனி. பெட்டிக்குள் உறங்கிய ஆண்டர்சனின் காப்புரிமையும் அந்தக் கம்பெனியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 2009இல் கோர்வால்வை வாங்கிய மெட்ரானிக் கம்பெனிக்கும் எட்வர்ட்ஸுக்கும் காப்புரிமை வழக்குகள் பல நாடுகளில் நடந்தன. 2014இல் சமாதானமாகி, 75 கோடி டாலரும் தொடர்ந்து உரிமத்தொகையும் தர மெட்ரானிக் ஒப்புக்கொண்டது. இறைச்சிக் கூடத்துப் பன்றி இதயமும் கடைக் கம்பியும் கொண்டு செய்த ஒரு பொருளைப் பிரசுரிக்க இதழ் கிடைக்காமல் ஒருவர் அலைந்த கதை, ஒரு தலைமுறைக்குள் இப்படி ஆயிற்று.

மருத்துவ உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தது 2010இல் வெளியான 'பார்ட்னர்' ஆய்வு. அறுவைக்குத் தகுதியற்றவர்கள் என்று முடிவான 358 பேர். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் புதிய வால்வு; மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, அதாவது மருந்தும் பெரும்பாலோர்க்குப் பலூனும். ஓராண்டு முடிவில் வால்வு பெற்றவர்களில் 30.7 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள், மற்றவர்களில் 50.7 விழுக்காட்டினர். ஐந்து பேருக்குச் செய்தால் ஓராண்டில் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார். மருத்துவத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். முதல் மாதத்தில் கடுமையான பக்கவாதம் வால்வு பெற்றவர்களிடம் 5 விழுக்காடு, மற்றவர்களிடம் ஒன்றைச் சற்றே தாண்டியது என்பதையும் அந்தக் கட்டுரை மறைக்கவில்லை. ஐந்தாண்டுக்குப் பின் எடுத்த கணக்கு இன்னும் கடுமையானது: வால்வு பெற்றவர்களில் 71.8 விழுக்காடும் பெறாதவர்களில் 93.6 விழுக்காடும் இறந்திருந்தனர். இந்த எண்களை இருவிதமாகவும் படிக்கலாம். நூற்றுக்கு ஆறு பேர் மட்டுமே ஐந்தாண்டு வாழும் நோயில் இருபத்தெட்டு பேர் வாழ்ந்தார்கள் என்றும், வாயிலைச் சரிசெய்தாலும் எண்பது வயது உடம்பு எண்பது வயது உடம்புதான் என்றும்.

குலுக்கலில் மறுபாதியில் விழுந்தவர்களை நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வதுண்டு. வால்வு ஒன்று இருக்கிறது, அது வேலை செய்யக்கூடும் என்று சொல்லி ஒப்புதல் வாங்கிய பிறகு, உங்களுக்கு அது இல்லை என்று சொல்லப்பட்டவர்கள். அவர்களில் பாதிப்பேர் ஓராண்டுக்குள் போனார்கள். அந்த 50.7 என்ற எண் இல்லாவிட்டால் 30.7க்குப் பொருளில்லை. கிரிபியேவின் முதல் நோயாளியை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. இவர்கள் ஒரு கோட்டுப்படத்தின் மேற்கோடாக மட்டுமே இருக்கிறார்கள்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011 நவம்பரில் அறுவைக்குத் தகுதியற்றவர்களுக்கு இதை அனுமதித்தது. மறு ஆண்டு உயர் அபாயமுள்ளவர்களுக்கும். 2011இல் வெளியான ஆய்வில், அறுவை செய்யலாம் ஆனால் ஆபத்து அதிகம் என்றிருந்த 699 பேரில், ஓராண்டு மரணம் கதீட்டர் முறையில் 24.2 விழுக்காடு, அறுவையில் 26.8. ஏறத்தாழச் சமம். அதற்குப் பின் கோடு வேகமாக நகர்ந்தது. நடுத்தர அபாயம், பிறகு 2019இல் குறைந்த அபாயம். மார்பைத் திறந்து நன்றாகவே அறுவை செய்துகொள்ளக்கூடிய, சராசரி 73 வயதுள்ள ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குள் மரணம், பக்கவாதம், மீண்டும் மருத்துவமனை சேர்தல் மூன்றும் சேர்ந்து கதீட்டர் முறையில் 8.5 விழுக்காடு, அறுவையில் 15.1. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர்களுக்கும் அனுமதி. 2023இல் வெளியான ஐந்தாண்டுக் கணக்கில் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கி, இரண்டு முறைகளும் ஏறத்தாழ ஒன்றாக நின்றன.

கைவிடப்பட்டவர்களுக்காகப் பிறந்த சிகிச்சை இப்படிக் கைவிடப்படாதவர்களின் தேர்வாகவும் ஆயிற்று. தொண்ணூறு வயதில் பெற்றவருக்கு அந்த வால்வு எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்வி எழவில்லை. அறுபத்தைந்தில் பெற்றவருக்கு அது முதற் கேள்வி. திசு வால்வு நைந்தால் அதற்குள்ளேயே இன்னொரு கம்பிக்கூட்டைச் செலுத்தலாம். பலருக்குச் செய்தும் வருகிறார்கள். எல்லோருக்கும் அது பொருந்துவதில்லை. கூட்டுக்குள் கூடு வைக்க இடம் போதாமல் போகலாம். இதயத் தமனிகளின் வாய் மறைந்துபோகலாம். வால்வில் கிருமித்தொற்று ஏற்படலாம்.

கிரிபியே 2024 பிப்ரவரியில் தம் 79ஆம் வயதில் காலமானார். அப்போது உலகின் பெரிய இதய மருத்துவமனைகளில் புதிதாக ஓர் அறுவைச் சிகிச்சை பெருகத் தொடங்கியிருந்தது: கதீட்டர் வழியே வைத்த வால்வை, மார்பைத் திறந்து, பெருந்தமனிச் சுவரோடு ஒட்டிவிட்ட கம்பிக்கூட்டிலிருந்து மெல்லப் பிரித்து வெளியே எடுப்பது. முதலிலேயே திறந்து செய்வதைவிட அது கடினமானது, ஆபத்தும் கூடுதல். அதைச் செய்வதற்கு முன் நோயாளியைப் பார்த்து, இவர் தாங்குவாரா என்று முடிவெடுப்பவர் மறுபடியும் ஓர் அறுவை மருத்துவர்.